வாத்துச் சாப்பாடு

மழை பெய்யாத நாளில் ஈரானின் ராஷ்த் நகரத்துக்காரர்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாடுவார்கள். அப்படி மழை ஓய்ந்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை மதியம்தான் கோல்நாரும் பெஹ்தாத்தும் அந்தப் பந்தயத்தைக் கட்டினார்கள்.

கோல்நாருக்குப் பத்து வயது. பெஹ்தாத் அவளுடைய அத்தை மகன், அவளைவிட இரண்டு வயது பெரியவன். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே முற்றம். முற்றத்தின் கோடியில் ஒரு மாதுளை மரம். மரத்தடியில் தண்ணீர்த் தொட்டி. தொட்டியை ஒட்டி ஒரு பலகைக் கூண்டு. அந்தக் கூண்டில் பானு குடியிருந்தாள்.

பானு ஒரு வாத்து. கோல்நாரின் அப்பா மினி பஸ் ஓட்டுகிறார். அவருடைய பஸ்ஸில் வழக்கமாக வரும் நெல் விவசாயி ஒருவர், "சமைச்சுச் சாப்பிடுங்க" என்று அன்போடு கொடுத்த வாத்து அது. இன்றைக்கு, நாளைக்கு என்று சமையல் தள்ளிப்போனது. அதற்குள் யாரோ பெயர் வைத்தார்கள். யாரோ கூண்டு அடித்தார்கள். சமைக்கிற பேச்சு மெல்ல நின்றுபோனது. நின்றுபோனதே தவிர, சமைக்க மாட்டோம் என்று யாரும் சொல்லவும் இல்லை.

பானுவுக்குத் தீனி வைப்பது கோல்நார், பெஹ்தாத் இருவரின் வேலை. ஒரு நாள் அவள், ஒரு நாள் அவன். தவிட்டை வெந்நீரில் பிசைந்து, மிச்சச் சோற்றைச் சேர்த்து, கீரையை நறுக்கிப் போட்டு, கணுக்கால் வரை சேற்றில் நடந்து போய் வைக்க வேண்டும். அதுவும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் முன்னால். கொஞ்சம் தாமதமானால் பானு வாயால் பேச மாட்டாள், அலகால் பேசுவாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையிலும் அதே சண்டைதான்.

"இன்னிக்கு உன் முறை."

"நேத்து மழையில நான்தான் போனேன். அது ரெண்டு தடவைக்குச் சமம்."

கடைசியில் கோல்நார்தான் போனாள். மதியம் சாப்பிட உட்கார்ந்தபோதும் அவள் கையில் தவிட்டு வாசனை போகவில்லை. இந்தச் சண்டைக்கு எப்படி ஒரு முடிவு கட்டுவது என்றுதான் அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

பெஹ்தாத்தின் யோசனை வேறு. முந்தின வாரம் அவன் தன் நண்பன் ஷாயான் வீட்டில் விருந்து சாப்பிட்டிருந்தான். அரைத்த வால்நட்டும் புளிப்பு மாதுளைச் சாறும் சேர்த்து, கறுப்பாக, கெட்டியாகக் கொதிக்க வைத்த ஃபெசென்ஜான் குழம்பு. அதில் வாத்துக்கறி.

"கரண்டி பட்டதுமே கறி தனியா வந்துடுதும்மா," என்றான், கோழியைக் கடித்தபடி.

"கோழியைத் தின்னுக்கிட்டே வாத்தைப் புகழாதே," என்றார் அவன் அம்மா ஷஹ்லா அத்தை. "கோழி கோவிச்சுக்கும்."

அப்போதுதான் கோல்நாரின் தட்டில் அந்த எலும்பு வந்தது. கோழியின் நெஞ்சில் இருக்குமே, கவட்டை மாதிரி இரண்டு காலை விரித்துக்கொண்டு, அந்த எலும்பு. எங்கள் ஊரில் அது கிடைத்தால் சும்மா விடமாட்டோம். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இழுத்து உடைப்போம். உடைத்த நொடியிலிருந்து பந்தயம் ஆரம்பம். எதிராளி உன் கையில் எதைக் கொடுத்தாலும், வாங்கும்போது நீ "ஞாபகம் இருக்கு" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் வாங்கிவிட்டால் தோற்றாய். "எனக்கு ஞாபகம், உனக்கு மறதி" என்று அவன் ஆடுவான்.

கோல்நார் எலும்பைத் துடைத்து நீட்டினாள். "வர்றியா?"

பெஹ்தாத் ஒரு முனையைப் பிடித்தான். "என்ன பந்தயம்?"

"நீயே சொல்லு."

பெஹ்தாத் யோசிக்கவே இல்லை. "வாத்துச் சாப்பாடு. தோத்தவங்க பொறுப்பு."

கோல்நாருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அவள் மனதில் இருந்ததையே அவன் சொல்லிவிட்டானே.

"எத்தனை நாள்?" என்று கேட்டாள்.

"ரெண்டு வாரம்."

"சரி."

"கஞ்சத்தனம் கூடாது. நிறையப் போடணும்."

"நீ தோத்தா நீயும் நிறையப் போடணும்."

"அழுது வடியக் கூடாது. சாக்கு சொல்லக் கூடாது."

"யாரு அழறாங்கன்னு பாக்கலாம், இழு."

எலும்பு படக்கென்று முறிந்தது.

அடுத்த ஒரு வாரம் அந்த முற்றத்தில் யாருக்கும் நிம்மதி இல்லை. கோல்நார் பென்சிலைக் கொடுத்தாள். "ஞாபகம் இருக்கு" என்று வாங்கினான் பெஹ்தாத். பெஹ்தாத் தேநீரைக் கொடுத்தான். "ஞாபகம் இருக்கு" என்று வாங்கினாள் கோல்நார். சாப்பாட்டு விரிப்பில் ரொட்டி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போவதற்குள் ஆறிப்போனது.

"உப்பை எடும்மா," என்று ஷஹ்லா அத்தை கோல்நாரிடம் கேட்டார். அவள் கொடுத்ததும், "ஞாபகம் இருக்கு" என்று வாங்கிக்கொண்டார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "பாரு, எனக்கும் தொத்திக்கிச்சு."

ஒரு நாள் வாசல் மணி அடித்தது. கோல்நார் கதவைத் திறந்தால், அப்பாவின் பெரிய மழைக் கோட்டு ஒன்று தானாக நின்றுகொண்டிருந்தது. தொப்பிக்குள் முகமே தெரியவில்லை. கோட்டின் கையிலிருந்து ஒரு பொட்டலம் நீண்டது.

"பார்சல்," என்றது கோட்டு, கட்டைக் குரலில்.

"ஞாபகம் இருக்கு," என்று வாங்கிக்கொண்டாள் கோல்நார். "உன் செருப்பு தெரியுது பெஹ்தாத்."

தோற்றது அப்புறம், யாரும் தந்திரம் செய்யாத ஒரு நேரத்தில்.

சனிக்கிழமை, எங்கள் ஊரில் வாரத்தின் முதல் பள்ளி நாள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சரியான மழை. தெரு முனையில் கோல்நாரின் பையின் வார் அறுந்தது. புத்தகம், டப்பா, நோட்டு எல்லாம் தேங்கிய தண்ணீரில் விழுந்தன. எதிர்ப் பக்கத்திலிருந்து வந்த பெஹ்தாத் ஓடி வந்தான். முழங்கால் நனையக் குனிந்து, மிதந்து போன கணக்கு நோட்டைப் பிடித்தான். தன் சட்டைக்கையால் ஒவ்வொரு பக்கமாக ஒற்றி எடுத்து, அவளிடம் கொடுத்தான்.

"ரொம்ப நன்றி," என்று வாங்கினாள் கோல்நார்.

இரண்டு பேரும் பத்தடி நடந்தார்கள். பெஹ்தாத்தின் நடை மெல்ல நின்றது. முகம் மெல்ல விரிந்தது.

"கோல்நார்."

"என்ன?"

"எனக்கு ஞாபகம்," என்றான் அவன், தானே நம்ப முடியாதவனாக. "உனக்கு மறதி."

கோல்நார் நோட்டைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. "சரி, தோத்துட்டேன். நாளையிலிருந்து வாத்துச் சாப்பாடு என் பொறுப்பு."

"நாளைக்கேவா? அவசரம் இல்ல," என்றான் பெஹ்தாத் பெருந்தன்மையோடு. "ரெண்டு வாரம் இருக்கே."

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை கோல்நார் வாளியோடு சேற்றில் இறங்கினாள். நிறையப் போடணும் என்பது பேச்சு. அதனால் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பிசைந்திருந்தாள். மாடி ஜன்னலிலிருந்து பெஹ்தாத் எட்டிப் பார்த்தான்.

"நல்லா போடு."

"போட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"இப்பவே ஆரம்பிச்சுட்டியா? கெட்டிக்காரி."

தினமும் அவன் விசாரித்தான். "பானு சாப்பிட்டாளா? உடம்பு கொஞ்சம் வச்சிருக்கா?"

"கூண்டுக் கதவுல இடிச்சுக்கிட்டுத்தான் வெளிய வர்றா."

"அருமை."

கோல்நாருக்கு மனம் இளகிவிட்டது. இதற்கு முன்னால் பெஹ்தாத் பானுவைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்டதே கிடையாது. பானுவின் கழுத்தைத் தடவி, "பாரு, அவன் உன்னைப் பத்தியே விசாரிக்கறான்," என்று சொன்னாள்.

ஒரு நாள் பெஹ்தாத் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டான். "மாதுளைச் சாறு புளிப்பாத்தானே இருக்கும்? இனிப்பு வேண்டாம்."

"மாதுளைச் சாறா? எதுக்கு?"

"என்ன கேள்வி இது. வாத்துன்னா மாதுளைச் சாறு இல்லாம எப்படி? வால்நட்டும் வேணும். அதுலயும் கஞ்சத்தனம் கூடாது."

கோல்நார் அவனை மரியாதையோடு பார்த்தாள். வாத்துகளைப் பற்றி அவன் இவ்வளவு படித்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியாது.

மறுநாளிலிருந்து அவள் மரத்து மாதுளையைப் பிழிந்து தவிட்டில் கலந்தாள். பள்ளிக்கூடத்துக்கு அம்மா கட்டிக் கொடுக்கும் வால்நட்டைத் தின்னாமல் எடுத்து வந்து, கல்லால் நசுக்கித் தூவினாள். பானுவுக்குத் தலைகால் புரியவில்லை. அலகெல்லாம் சிவப்பாக, உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்பியவள் போல முற்றத்தைச் சுற்றி வந்தாள்.

சாப்பாட்டின் பலன் சீக்கிரமே தெரிந்தது. எப்போதாவது ஒரு முட்டை இடும் பானு இப்போது காலைதோறும் வைக்கோலில் ஒரு பெரிய, லேசான பச்சை நிற முட்டையை விட்டுவிட்டுப் போனாள். கோல்நார் அதைத் துடைத்து, அத்தை வீட்டுச் சமையலறைக் கூடையில் வைத்துவிடுவாள்.

இரண்டு வாரம் முடிய இரண்டு நாள் இருந்தது. வியாழக்கிழமை மாலை கோல்நார் ரொட்டிக் கடை வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் ஷாயானும் அவன் தம்பி யூனெஸும் நின்றிருந்தார்கள். யூனெஸ் முதல் வகுப்பு. அவன் மூக்கு அடுப்பு மேடை உயரத்துக்குக்கூட வரவில்லை.

"நாளைக்கு நான் காலையில ஒண்ணும் சாப்பிடப் போறதில்ல," என்றான் ஷாயான் அவளிடம்.

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"வாத்துச் சாப்பாட்டுக்கு வயித்துல இடம் வேணாமா?"

கோல்நார் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "வாத்துச் சாப்பாட்டை நீ எதுக்குச் சாப்பிடணும்?"

"நான் மட்டுமா? எங்க கால்பந்து டீமே வருது. பெஹ்தாத் ரெண்டு வாரமா சொல்லிக்கிட்டு இருக்கான். நீ பந்தயத்துல தோத்துட்டியாம், உங்க வாத்தை நல்லாக் கொழுக்க வச்சு ஃபெசென்ஜான் போடப் போறியாம்."

"நானும் வர்றேன்," என்றான் யூனெஸ்.

ரொட்டிக்காரர் சூடான நீள ரொட்டியை நீட்டினார். கோல்நார் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். சூடு உறைக்கவே இல்லை. உடம்பு வச்சிருக்கா. புளிப்பா இருக்கணும். வால்நட்டும் வேணும். இரண்டு வாரமாகக் கேட்ட ஒவ்வொரு சொல்லும் இப்போது திரும்பி நின்று வேறு முகத்தைக் காட்டியது.

அவள் வீட்டுக்கு நடக்கவில்லை, ஓடினாள்.

பெஹ்தாத் அத்தையின் சமையலறையில் பந்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான்.

"பானுவைச் சமைக்கப் போறியா?"

"நான் இல்ல, நீதான்," என்றான் அவன். "மாமா அறுத்துக் கொடுத்தா அம்மா உதவி பண்ணுவாங்க. ஏன் மூச்சு வாங்குது உனக்கு?"

"நான் எப்பச் சொன்னேன்?"

"பந்தயம் கட்டினியே. வாத்துச் சாப்பாடு."

"வாத்துச் சாப்பாடுன்னா வாத்துக்குப் போடற சாப்பாடு. அதைத்தான் ரெண்டு வாரமா போட்டுக்கிட்டு இருக்கேன்."

பெஹ்தாத் பந்தை விட்டுவிட்டான். பந்து புஸ்ஸென்று காற்றை விட்டது. "ரெண்டு வாரமா அதைத்தான் பண்ணினியா? ரெண்டு வாரம்னு நான் சொன்னது, அதுக்குள்ள விருந்து வைக்கணும்னு. வாத்துக்குத் தீனி வைக்க யாராவது பந்தயம் கட்டுவாங்களா?"

"பின்ன தினம் காலையில நாம எதுக்குச் சண்டை போட்டோம்?"

"மீன் சாப்பாடுன்னா என்ன? மீனுக்குப் போடறதா?"

"பூனைச் சாப்பாடுன்னா என்ன? பூனையைச் சமைக்கறதா?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஷஹ்லா அத்தையிடம் திரும்பினார்கள். கத்திரிக்காய் கழுவிக்கொண்டிருந்த அத்தை கையைத் துடைத்துக்கொண்டார். முதலில் சிரித்தார். சிரித்து முடிக்கவே நேரம் பிடித்தது.

"ரெண்டும் சரிதான். அதுதான் வம்பு," என்றார். "பந்தயம் கட்டினது நீங்க. முடிச்சைப் போட்டவங்களே அவிழ்த்துக்குங்க. நாளைக்கு எத்தனை பேருக்குச் சோறு வைக்கணும்னு மட்டும் எனக்குச் சொல்லிடுங்க."

கோல்நார் முற்றத்துக்குப் போய் கூண்டின் முன்னால் குந்தினாள். மாலை வெளிச்சம் இன்னும் இருந்தது. பானு வந்து அவள் மடியில் தலையை வைத்தாள். இரண்டு வார விருந்தில் அந்தத் தலையே கனத்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் சேற்றில் காலடிச் சத்தம். பெஹ்தாத் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். பானு எழுந்து போய் அவனைச் சுற்றிப் பார்த்தாள். அவன் ஷூ கயிற்றை அலகால் பிடித்து, நிதானமாக இழுத்து அவிழ்த்தாள். பிறகு அடுத்த ஷூவுக்குப் போனாள்.

பெஹ்தாத் காலை எடுக்கவில்லை. இரண்டு கயிறும் அவிழும் வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேண்டாம்," என்றான். "பானு இருக்கட்டும். பசங்ககிட்ட நான் ஏதாவது சொல்லிக்கறேன்."

"என்ன சொல்லுவே?"

"ஏதாவது." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எல்லார் வீட்டுலயும் ஒரு தடவை சாப்பிட்டாச்சு கோல்நார். ஷாயான் வீட்டுல வாத்து. சாம் வீட்டுல முழு மீன். அம்மா வேலைக்குப் போயிட்டு வந்து களைச்சிருப்பாங்க, அதனால நான் கேட்கவே இல்ல. பசங்க ஒண்ணும் சொல்லலை. ஆனா அடுத்த விருந்து யார் வீட்டுலன்னு பேச்சு வரும்போதெல்லாம் நான் ஷூ கயிறு கட்டற மாதிரி குனிஞ்சுக்குவேன். அதுக்குத்தான் அந்தப் பந்தயம். இப்ப விருந்து இல்லன்னு சொன்னா, சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும்."

கோல்நாரின் கோபம் எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை. நனைந்த நோட்டை ஒவ்வொரு பக்கமாக ஒற்றிக் கொடுத்தவன்தானே இவன். பானுவை விட்டுவிடுகிறேன் என்கிறான், அவள் கேட்காமலே. அவனை ஆறு பேருக்கு முன்னால் தலைகுனிய விட்டால் தனக்கு மட்டும் தூக்கம் வருமா?

பானு கூண்டுக்குள் போய் வைக்கோலில் புரண்டு உட்கார்ந்தாள். அவளுக்கு அடியில் வெளிர்ப் பச்சையாக ஏதோ தெரிந்தது. கோல்நார் கையை நுழைத்தாள். பானு ஒரு கொத்து கொத்தினாள். கோல்நார் சட்டை செய்யாமல் அதை வெளியே எடுத்தாள். காலையில் ஒன்று, மாலையில் இன்னொன்று. முட்டை இன்னும் சூடாக இருந்தது.

அதையே பார்த்துக்கொண்டிருந்த கோல்நார் திடீரென்று எழுந்தாள்.

"பெஹ்தாத், வாத்துக்குப் போடற சாப்பாடு வாத்துச் சாப்பாடு. இல்லையா?"

"ம்."

"வாத்தைப் போட்டுச் சமைக்கறதும் வாத்துச் சாப்பாடு."

"அதான் வேண்டாம்னுட்டேனே."

"அப்ப, வாத்து போட்ட சாப்பாடு?"

பெஹ்தாத் அவள் கையில் இருந்த முட்டையைப் பார்த்தான். "ஒரு முட்டையிலா?"

"உங்க வீட்டுக் கூடையைப் போய்ப் பாரு."

அவன் அவிழ்ந்த ஷூவோடு ஓடினான். சமையலறையிலிருந்து அவன் குரல் கேட்டது. "அம்மா, இது எல்லாம் நம்ம பானு போட்டதா?"

"பின்ன, நான் போட்டதா?" என்றார் அத்தை.

வெள்ளிக்கிழமை காலை மழை பிடித்துக்கொண்டது. அத்தையைக் கோல்நார் நாற்காலியில் உட்கார வைத்து, கையில் தேநீரைக் கொடுத்தாள். "நீங்க சொல்லுங்க அத்தை, நாங்க செய்யறோம். பந்தயம் எங்களோடது."

பெஹ்தாத் கத்திரிக்காய்களை நெருப்பில் வாட்டினான். தோல் கருகி, வீடு முழுவதும் புகை வாசனை. கோல்நார் தோலை உரித்து மசித்தாள். பூண்டு நசுக்கி, தக்காளி சேர்த்து வதக்கி, கடைசியில் பானுவின் முட்டைகளை உடைத்து ஊற்றிக் கிளறினார்கள். இன்னொரு சட்டியில் பச்சைச் சதகுப்பைக் கீரையும் பயறும் கொதித்தன. அதன்மேல் முட்டைகளை முழுசாக, மஞ்சள் கரு உடையாமல் இறக்கினார்கள். ஒவ்வொரு கருவும் சின்ன ஆரஞ்சுப் பழம் போல இருந்தது.

"இதுக்குக் காரணம் வால்நட்தான்," என்றாள் கோல்நார்.

"யோசனை யாரோடது?" என்றான் பெஹ்தாத்.

"அதை இப்பப் பேசாதே. கரண்டியை எடு."

மதியம் பையன்கள் வந்தார்கள். தலையைத் துவட்டிக்கொண்டு, விரிப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சோறு வந்தது. பூண்டு ஊறுகாய் வந்தது. ஆவி பறக்க இரண்டு சட்டிகள் வந்தன. ஷாயான் முதல் சட்டிக்குள் பார்த்தான். இரண்டாவது சட்டிக்குள் பார்த்தான். விரிப்பின் ஓரத்தைத் தூக்கிக்கூடப் பார்த்தான்.

"வாத்து எங்க?"

பெஹ்தாத்தின் காது சிவந்தது. பூண்டு ஊறுகாயை எடுத்து ஷாயானிடம் நீட்டினான். அந்த நேரம் பார்த்து, திறந்திருந்த கதவு வழியாகப் பானு வீட்டுக்குள் வந்தாள். ஈரக் காலைத் தப்புத் தப்பென்று வைத்து, எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பெஹ்தாத்துக்கும் ஷாயானுக்கும் நடுவே வந்து உட்கார்ந்தாள்.

சாம் தன் தட்டைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டான்.

"இதோ இருக்கா," என்றாள் கோல்நார். "பேர் பானு. இன்னிக்கு விருந்து வைக்கறது இவதான். இந்த ரெண்டு சட்டியும் இவ போட்ட முட்டை. வாத்துச் சாப்பாடுன்னு சொல்லியிருந்தோம் இல்லையா, இது வாத்து போட்ட சாப்பாடு. ரெண்டு வாரமா தயார் பண்ணியிருக்கா."

ஷாயான் பானுவைப் பார்த்தான். பானு ஷாயானைப் பார்த்தாள். அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைப் பார்க்கும் ஒருவரைப் பற்றி, 'உங்களை ஏன் சமைக்கவில்லை' என்று எப்படிக் கேட்பது?

"அப்ப சரி," என்றான் அவன் கடைசியில், மரியாதையாக.

முதல் கவளம் உள்ளே போனது. பேச்சு நின்றது. பெஹ்தாத் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை, எல்லோரும் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தக் கத்திரிக்காயை இப்படித் தள்ளு," என்றான் சாம்.

"ரெண்டாவது முட்டை எடுத்துட்டியே, கணக்கு இருக்கா?" என்றான் இன்னொருவன்.

"பெஹ்தாத், இதை நீயா பண்ணினே? பொய் சொல்லாதே."

"கத்திரிக்காய் நான். பயறு கோல்நார்," என்றான் பெஹ்தாத். நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தான்.

வாத்துச் சாப்பாடு என்றால் உண்மையில் எது என்ற வாதம் அப்புறம்தான் ஆரம்பித்தது. வாத்தைச் சமைப்பதுதான் என்றான் ஒருவன். வாத்துக்கு வைப்பதுதான் என்றான் இன்னொருவன். 'முட்டைக்கும் சேர்த்து ஒரு சட்டம் போடணும்' என்றான் மூன்றாமவன். வாதம் நடக்க நடக்க சட்டிகள் காலியாயின. ஷாயான் ரொட்டித் துண்டால் சட்டியின் ஓரத்தை வழித்தான். வழிக்க ஒன்றும் இல்லாமல் போனபோது, பானுவைப் பார்த்து, "நாளைக்கும் போடுவாளா?" என்று கேட்டான்.

"வால்நட் கொண்டு வந்தா போடுவா," என்றாள் கோல்நார்.

மழை விட்டது. பையன்கள் பந்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். சாப்பிட்டு எழுந்ததும் சமைத்தவரிடம் "உங்க கை வலிக்காம இருக்கட்டும்" என்று சொல்லாமல் எங்கள் ஊரில் யாரும் வாசலைத் தாண்ட மாட்டார்கள். ஒவ்வொருவனாக ஷஹ்லா அத்தையிடம் சொன்னான். கோல்நாரிடம் சொன்னான். பெஹ்தாத்தின் முதுகில் தட்டியும் சொன்னான்.

கடைசியாக வந்தவன் யூனெஸ். அவன் மூன்று பேரிடமும் சொல்லிவிட்டு, பானுவின் முன்னால் வந்து நின்றான். அவளுக்கும் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனால் பானுவுக்குக் கை இல்லை. கொஞ்ச நேரம் அவளைச் சுற்றி வந்து தேடினான். பிறகு குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான்:

"உன் ரெக்கை வலிக்காம இருக்கட்டும்."